குடிக்க வெட்டிய கிணறு

1

மே மாதம் பிறந்தால் ஸ்காபரோவில் எல்லா வீடுகளிலும் பனிக்கால உடுப்புகளைத் தோய்த்து மடித்து வைக்கும் வேலை நடக்கும். இரண்டு வருடமாக எனக்கு அந்த வேலை ஓடுவதில்லை. யுத்தம் முடிந்தது ஒரு மே மாதத்தில். முடிந்துவிட்டது என்று உலகம் அறிவித்த நாளில்தான் எங்களில் பலருக்கு, யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று தேடுகிற வேலை தொடங்கியது. அது இன்னும் முடியவில்லை.

இந்த வருடமும் எங்கள் ஊர்ச் சங்கம் கோயிலில் ஆத்ம சாந்திப் பூசை வைத்தது. கோயில் என்றதும் ஊரில் இருக்கும் நீங்கள் கோபுரத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். ஒரு பக்கம் கார் திருத்தும் கராஜ், மறுபக்கம் கம்பளம் விற்கும் மொத்தக் கடை, இரண்டுக்கும் நடுவில் முன்பு தளபாடங்கள் அடுக்கி வைத்திருந்த பண்டகசாலை. அதற்குள் அம்மன் இருக்கிறாள். நாதஸ்வரம் சீடியில் வாசிக்கும். அபிஷேகத்துக்கான தண்ணீரை ஐயர் சமையலறைக் குழாயைத் திறந்து, நீல நிற பிளாஸ்ரிக் வாளியில் பிடித்துக்கொண்டு வருவார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் நேரே தெரிகிற சுவரில் ஒரு புதுப் படம் தொங்கியது. கண்ணாடிச் சட்டம், மாலை, கீழே குத்துவிளக்கு. யாரோ இறந்தவரின் படமாக்கும் என்று கிட்டப் போனேன். கிணறு. வெள்ளை மாபிள் பதித்த கட்டு, மேலே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சிறு மண்டபம், சுற்றிவரக் கம்பி வேலி, வேலிக்கு ஒரு கதவு, கதவில் கைப்பிடியளவு பூட்டு. ‘ரொறொன்ரோ வாழ் ஊர் மக்கள் உபயம்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

என் மகன் கவின் பக்கத்தில் வந்து நின்றான். பதினாறு வயது. இங்கே பிறந்தவன்.

“அம்மா, இஸ் திஸ் சித்தீஸ் வெல்?”

“ஓம்.”

“தென் வை இஸ் இற் லொக்ட்?”

சித்தியின் கிணறு என்றால் ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்கிறான். பூசை தொடங்கப் போகுது, போய் இரு என்று அவனைத் துரத்திவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

சித்தி என்று அவன் சொல்வது என் தங்கை சாந்தாவை. அவன் அவளை நேரில் கண்டதில்லை. நான் கனடாவுக்கு வந்தபோது அவள் சைக்கிள் பழகிக்கொண்டிருந்த பிள்ளை. பிறகு அவள் தவம் என்ற மரவேலைக்காரரைக் கட்டியதும், துளசியைப் பெற்றதும் எல்லாம் எனக்குத் தொலைபேசிச் செய்திகள்தான். தவத்தை நானும் கண்டதில்லை. அவருடைய குரல் தெரியும். எந்த மாதம் எடுத்தாலும், “மச்சாள், அங்க இப்ப குளிரோ?” என்று கேட்பார். ஆடி மாதத்தில் வேர்த்து வழிந்துகொண்டு நின்று, “ஓம், நல்ல குளிர்” என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு அப்படிச் சொன்னால்தான் திருப்தி.

நான் வேலை செய்வது நகரத்துக்குள், சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில். வந்த புதிதில் அகதிகளாக நாங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த அந்த மாடிக் கட்டடங்கள் என் ஒபிஸ் யன்னலில் தெரியும். ஒபிஸ் ஒரு தேவாலயத்தின் நிவாரண அமைப்பு. உலகத்தின் ஏழை நாடுகளில் கிணறு, பள்ளிக்கூடம், விதை நெல் என்று கொடுக்கிறவர்கள். சைவக்காரியான எனக்கு அங்கே வேலை கிடைத்ததை ஊர்ச் சங்கத்தில் சிலர் இன்றுவரை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். என் மேலதிகாரி மார்க்ரெட் ஒரு போதகரின் மகள். திங்கட்கிழமை காலையில் மெழுகுதிரி கொளுத்திச் சின்னதாக ஒரு ஜெபம் செய்வாள். திரியை ஊதி அணைத்த பிறகு கூட்டம் தொடங்கும். கூட்டத்தில் கடவுளின் பெயரை ஒருவரும் எடுக்க மாட்டார்கள். அபிவிருத்தி, பங்கேற்பு, பயனாளிகள் என்றுதான் பேச்சு. “நாங்கள் வேதம் பரப்புவதில்லை, தண்ணீர் கொடுக்கிறோம்” என்று அவள் அடிக்கடி சொல்வாள். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் கடவுளை வாசலில் இருத்திவிட்டுக் கூட்டம் நடத்துகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரை மறக்காமல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதைக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன்.

3

அந்த மே மாதம் நாங்கள் வீதியில் நின்றோம். குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, யுத்தத்தை நிறுத்து என்று மழையிலும் குளிரிலும் கத்தினோம். கார்க்காரர்கள் யன்னலைத் திறந்து எங்களை ஏசிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு நாள் கத்துவதற்கும் ஒன்றும் இல்லாமல் போனது.

சாந்தா உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குச் சொன்னது எந்த அரசாங்கமும் இல்லை. ஒரு கன்னியாஸ்திரி. மிஞ்சிய சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமின் முள்ளுக்கம்பிக்குள் பெரிய பெரிய நிவாரண அமைப்புகளையே போக விடாமல் மறித்து வைத்திருந்த நேரம் அது. வெள்ளை உடுப்புப் போட்ட ஐந்தாறு சிஸ்டர்மாரை மட்டும் எப்படியோ உள்ளே விட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மூலமாக யாழ்ப்பாணத்துப் பாதர் ஒருவருக்கும், அவர் மூலமாக மார்க்ரெட்டுக்கும் சேதி வந்தது. தாயும் மகளும் இருக்கிறார்கள். தகப்பன் இல்லை. மார்க்ரெட் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தவத்தின் குரலைக்கூடக் கேட்டறியாத ஒரு வெள்ளைக்காரி.

தவம் எப்படிச் செத்தார் என்று பிறகு தொலைபேசியில் கேட்டேன். “பங்கருக்குள்ள” என்றாள் சாந்தா. குண்டுகளுக்குப் பதுங்க வெட்டிய குழி. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. நானும் தோண்டவில்லை.

இந்தச் செய்தியைக் குலம் அண்ணையிடம் சொன்னபோது அவருடைய முகம் முதலில் மலர்ந்து, பிறகு கறுத்தது. குலம் அண்ணை எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர். கோயில் தொடங்கிய நாளிலிருந்து அதைச் சுமப்பவர். பகல் முழுக்க மிசிசாகாவில் விமான நிலையப் பக்கம் ரக்சி ஓடிவிட்டு, பின்னேரம் கோயிலுக்கு வந்து நிலம் கூட்டுவார். அவருடைய தம்பியின் குடும்பம் முழுதாக, யுத்தம் முடிந்த அந்தக் கடற்கரையில் செத்துப் போய்விட்டது.

“சிஸ்டர் சொன்னவவோ?” என்று கேட்டார். “சந்தோசம் பிள்ளை. அவையள் நல்லவைதான். ஆனா பின்னால வேற ஆக்கள் வருவினம். ஒரு வாளித் தண்ணியையும் ஒரு ஜெபப் புத்தகத்தையும் கொண்டு வருவினம். மிஞ்சின சனமும் எங்களுக்கு இல்லாமல் போயிடும்.”

உயிரோடு மிஞ்சியவர்களை எண்ணி முடிக்கும் முன்பே, அவர்கள் யாருடைய சனம் என்ற கணக்குத் தொடங்கிவிட்டது. அதை அவருக்கு முகத்துக்கு நேரே சொல்ல நினைத்தேன். ஆனால் ஒரு குடும்பத்தையே பறிகொடுத்த மனுசனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? திரும்பி வந்துவிட்டேன்.

4

அடுத்த வருடம் அவர்களை ஊருக்குப் போக விட்டார்கள். மீள்குடியேற்றம் என்று அதற்குப் பெயர். ஒரு கூடாரத் துணி, சில தகரங்கள், ஒரு மண்வெட்டி. வீட்டுச் சுவர் இடுப்பளவுக்கு நின்றதாம். கிணறு இருந்ததாம். ஆனால் அதற்குள் என்ன கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஊர்க் கிணறு எல்லாமே அப்படித்தான். இறைக்கவும் விடவில்லை, இறங்கவும் விடவில்லை. கிணற்றைச் சுற்றிச் சிவப்பு மட்டை நட்டிருந்தது. மிதிவெடி இருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் பவுசர் லொறியில் வரும். வந்தால் உண்டு. வராத நாளில் சந்தியில் இருக்கும் ஆமிக் காவலரணில் ஒரு குழாய் இருந்தது. துளசிக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள்தான் வாளியோடு போய் வருவாள்.

ஒபிஸுக்குப் போக முன்பு காலையில் நான் அழைத்தால் அவர்களுக்குப் பின்னேரம். அப்படி ஒரு நாள் சாந்தா சொன்னாள்: “அவங்கள் ஒண்டும் செய்யேல்லை அக்கா. வாளியை நிரப்பியும் குடுக்கிறாங்கள். ஆனா நேற்றுப் பேர் கேட்டவங்களாம்.”

“துளசி சொன்னவளோ?”

“சொல்லிப் போட்டாள். இனி நான்தான் போறன்.”

சாந்தாவின் வலது தொடையில் யுத்தத்தில் பாய்ந்த செல் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. அந்தக் காலோடு அவள் சந்திக்குப் போய்வரத் தொடங்கினாள். தன் பிள்ளையின் பெயரை இன்னொருவன் தெரிந்துகொண்டான் என்பதற்காக ஒரு தாய் நொண்டி நொண்டிப் போகிறாள். அன்றைக்கு சப்வேயில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போய்விட்டேன்.

மார்க்ரெட்டிடம் கேட்டேன். அவள் உடனே எழுந்தாள். ஊரில் அம்மன் கோயிலடியில் ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கி, ஒரு மோட்டார், வரிசையாகக் குழாய்கள். செய்யலாம், அனுமதியும் எடுக்கலாம் என்றாள். எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், பொறுப்பில் பெண்களும் இருக்க வேண்டும், அமைப்பின் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் சொன்னாள். முதல் இரண்டையும் கேட்டு எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. மூன்றாவதில் மாட்டிக்கொண்டோம். பலகையின் மூலையில் ஒரு சின்னச் சிலுவை இருக்கும்.

குலம் அண்ணை துள்ளி எழும்பினார். “அம்மன் கோயில் வாசல்ல சிலுவைப் பலகை நடுறதோ? எங்கட சனம் செத்தது காணாதோ? எங்கட தண்ணியை நாங்களே குடுப்பம்.”

பலகை இல்லாமல் செய்ய முடியாதா என்று மார்க்ரெட்டிடம் போய் நின்றேன். அவளுக்கு உண்மையிலேயே கவலைதான். ஆனாலும் முடியாது என்று தலையாட்டினாள். ஊர் ஊராக இருக்கும் தேவாலயங்களில் வயதானவர்கள் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்களாம். அவர்களுக்குப் படம் காட்ட வேண்டுமாம். தாங்கி எங்கள் ஊருக்கு அப்பால் வேறொரு கிராமத்துக்குப் போனது. அதன் படம் இப்போது எங்கள் ஒபிஸ் நடைபாதையில் தொங்குகிறது. ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் என் மேசைக்குப் போகிறேன்.

5

குலம் அண்ணை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதை நான் மறைக்க மாட்டேன். கக்கூஸ் கட்ட வேண்டும் என்று கேட்டால் சில்லறை போடுகிற எங்கள் சனம், அம்மன் கோயில் நிலத்தில் கிணறு என்றதும் கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றிப் போட்டது. பக்தி இல்லாவிட்டால் அந்தக் கிணறு இல்லை. மார்க்ரெட்டின் ஆட்களுக்கும் அப்படித்தானே? சாமியை முன்னுக்கு வைக்காமல் தூரத்துச் சனத்துக்காக மடியை அவிழ்க்கிற மனிதரை நான் இந்த ஊரில் அதிகம் காணவில்லை.

கோயில் நிலத்தைத் தேர்ந்ததற்கும் நல்ல காரணம் இருந்தது. ஊரில் மிதிவெடி எடுத்துத் துப்புரவாக்கிய ஒரே காணி அதுதான். வடகிழக்கு மூலையில் வெட்டினார்கள். நல்ல ஊற்று.

அந்த நாட்களில் சாந்தாவின் குரல் மாறிவிட்டது. “அக்கா, இண்டைக்குத் தலை முழுகினனான்” என்று ஒரு நாள் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு நாள் துளசி போனை வாங்கி, “பெரியம்மா, தண்ணி இனிக்குது” என்றாள். விடிந்தால் பெண்கள் எல்லோரும் கிணற்றடியில்தானாம். மாபிளும் இல்லை, மண்டபமும் இல்லை. சீமெந்துக் கட்டு, ஒரு கப்பி, ஒரு கயிறு, ஒரு வாளி. இறைத்து, குடித்து, ஊற்றிக்கொண்டு, ஊர்ப்புதினம் பேசிக்கொண்டு நின்றார்களாம். நான் ஒபிஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தேன். மார்க்ரெட் ஏன் என்று கேட்க, எங்கள் கிணறு என்று பெருமையாகச் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

6

ஊர்க் கோயிலுக்கும் கூரை போட்டாயிற்று, கிணறும் வந்தாயிற்று, கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்று ரொறொன்ரோவில் தீர்மானம் வந்தது. ஊரில் இருந்தவர்கள் கேட்கவில்லை. நாங்கள்தான் கேட்டோம். குலம் அண்ணை போவதாக முடிவானது. யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய குருக்கள். மாபிள் ஓடு. பல புண்ணிய நதிகளின் தீர்த்தம் கும்பத்தில் வர வேண்டும், அதைக் கிணற்றில் சேர்க்க வேண்டும். கங்கைத் தண்ணீர் அடைத்த செம்பு கடையில் கிடைத்தது. காவேரிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கம்பியூட்டர்ப் பொடியன் ஏற்பாடு செய்தான். அப்போது யாரோ, எங்களுடைய பங்காகவும் ஒரு தண்ணீர் போக வேண்டாமா என்றார்கள். குலம் அண்ணை ரக்சியை எடுத்துக்கொண்டு நயாகராவுக்குப் போனார். சோடாப் போத்தல் ஒன்றில் பிடித்து, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்துவிடுவார்களோ என்று அம்மனை நேர்ந்துகொண்டு நின்றாராம். திறக்கவில்லை.

அந்தப் போத்தல் தண்ணீரும் மந்திரத்தோடு கிணற்றில் விழுந்தது. வீடியோ வந்தது. கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். நயாகரா விழுகிற கட்டத்தில் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அடுத்த கிழமை அழைத்தேன்.

“தண்ணி எப்பிடி?” என்று கேட்டேன்.

“பவுசர் இண்டைக்கு வரேல்லை” என்றாள் சாந்தா.

“பவுசர் ஏன்? கிணறு என்னவாம்?”

“அந்தக் கிணறோ? அது இப்ப சாமிக்கு அக்கா.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் கோபப்படாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினாள். கும்பாபிஷேகம் முடிந்தால் அது தீர்த்தக் கிணறு. ஐயர் மட்டும் தோய்ந்து, ஈர வேட்டியோடு அள்ளலாம். மற்றவர் கயிற்றைத் தொடக்கூடாது. ஊரிலே சாவுத் தீட்டு, துடக்கு இல்லாத வீடு எது? பிணம் கிடைக்காமல், கிரியை செய்யாமல் விட்ட வீடு எல்லாம் துடக்கு வீடு என்று குருக்கள் சொல்லிவிட்டாராம். அப்படிப் பார்த்தால் ஊர் முழுக்கத் துடக்கு. யாராவது மறந்துபோய் அள்ளிவிடுவார்கள் என்று கம்பிக் கதவும் போட்டுவிட்டார்கள்.

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் போன், முன்னால் குழாய். கும்பாபிஷேகம் கிணற்றை என்ன செய்யும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எங்களில் ஒருவருக்குக்கூட ஏன் அது நினைவுக்கு வரவில்லை? இத்தனை வருடமாக நீல பிளாஸ்ரிக் வாளியில் நகரசபைத் தண்ணீரைப் பிடித்து அம்மனை முழுகவார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அதே குழாயில்தான் பாத்திரமும் கழுவுகிறோம், குடிக்கிறோம், தீர்த்தமும் எடுக்கிறோம். தண்ணீருக்குத் தீட்டுண்டு என்பதையே மறந்துபோன ஆட்கள் சேர்ந்து, அதை மறக்காத ஊருக்குத் தீர்த்தம் அனுப்பி வைத்தோம்.

7

குலம் அண்ணை திரும்பி வந்ததும் கோயிலுக்குப் போனேன். அவர் தனியாக விளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அந்தக் கோயிலுக்குள் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை.

“அண்ணை, குடிக்கவெண்டு வெட்டின கிணறு. பூட்டிப் போட்டு வந்திருக்கிறியள்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நான் பூட்டேல்லை பிள்ளை. எனக்கு அது நினைவே வரேல்லை. அங்க கதவு போடேக்கதான் எனக்கே விளங்கினது. குருக்களிட்ட கேட்டனான். காலைப் பிடிச்சுக் கேட்டனான். ஒருக்காத் தீர்த்தமாக்கினதைத் திருப்பித் தண்ணியாக்க ஏலாதாம்.”

“வேற கிணறு?”

“எங்க வெட்டுறது? மற்றக் காணியெல்லாம் வெடி. கோயிலுக்குள்ள வெட்டினா அதுவும் கோயில் கிணறுதான்.” பிறகு மெல்லச் சொன்னார்: “சங்கத்தில இனிக் கிணறெண்டு கேக்க ஏலாது. அடுத்தது கோபுரம் கட்டவேணும் எண்டு நிக்கினம்.”

அவருடைய கை விளக்கைத் தேய்த்துக்கொண்டேயிருந்தது. கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது. என்னுடைய கோபத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நின்றேன். கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் பரவாயில்லை, அவனையாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

8

பிறகு ஒரு கிறிஸ்தவச் சபை வந்தது. குலம் அண்ணை பயந்த ‘வேற ஆக்கள்’. எங்கேயோ ஒரு நாட்டுச் சின்னச் சபையின் காசில் ஒரு பாஸ்ரர், புதிதாக மிதிவெடி எடுத்த காணியில் ஒரு தகரக் கொட்டில், ஒரு குழாய்க்கிணறு. யாரும் வரலாம், யாரும் அள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு வந்தால் போதும். பாஸ்ரரின் மனைவி சாந்தாவின் காலைக் கண்டுவிட்டு, தானே தண்ணீர்க் கானை நிரப்பித் தூக்கிக்கொண்டுவந்து கொடுத்தாளாம்.

சாந்தா போகத் தொடங்கினாள்.  புருஷன் போனதோடு அவள் பொட்டை அழித்தவள்தான், இப்போது துளசியும் பொட்டு வைப்பதை விட்டுவிட்டாள். தவத்தின் படத்துக்கு விளக்கு வைப்பதையும் விடச் சொன்னார்களாம்.

“செத்தவையளுக்குப் படைச்சா அது சாத்தானுக்குப் போகுமாம் அக்கா” என்றாள். சொல்லிவிட்டு, “இவர் சாத்தானே?” என்று கேட்டாள். 

திவச மாதம் வரப்போகிறது. தவத்துக்கு இதுவரைக்கும் ஒரு கிரியையும் இல்லை. ஐயரிடம் போய் நின்றாளாம். சபைக்குப் போகிற ஆளுக்கு எப்படி அம்மா என்று அவர் தயங்கினாராம். சபைத் தண்ணீரில் எள் இறைத்தது தெரிந்தால் குழாயடிக்குப் போக முடியாது. அவளுக்குத் துளசி வேண்டும், துளசிக்குத் தண்ணீர் வேண்டும். அவளுக்குத் தவமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அந்த ஊரில் ஒரு கடவுளும் இருக்கவில்லை.

ஒபிஸில் மார்க்ரெட்டிடம் சொன்னேன்.  “அந்தச் சபைகள் எங்களைச் சேர்ந்தவை இல்லை” என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். குலம் அண்ணையும் குருக்களைப் பற்றி இதையேதான் சொல்வார். எல்லோருக்கும் தங்கள் கை சுத்தமாக இருக்க வேண்டும். கழுவுவதற்குத் தண்ணீர் நிறைய இருக்கிறது இங்கே.

“அக்கா, இவருக்கு நீ அங்க கிரியை செய்விக்கிறியே?” என்று சாந்தா கேட்டாள்.

9

ஆகவே பூசைக்குக் கவினை இழுத்துக்கொண்டு போனேன். முதலில் மாட்டேன் என்றான். “அம்மா, ஐ டோன்ற் ஈவன் நோ ஹிம்.” எனக்கும் தெரியாதுடா, நாங்கள் இரண்டு பேரும் அறியாத ஒரு மனுசனுக்காகத்தான் போகிறோம் என்றேன். என்ன நினைத்தானோ, சேட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினான்.

பூட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டவன், சேட்டைக் கழற்றிவிட்டு வரிசையில் மற்றவர்களோடு உட்கார்ந்தான். தாடி நரைத்தவர்களுக்கு நடுவில் மெலிந்த முதுகு. ஏசிக் குளிரில் மயிர் சிலிர்த்திருந்தது. ஐயர் பெயர் கேட்டார். “தவம்” என்று கவின் திருத்தமாகச் சொன்னான். கோத்திரம்? என்னைத் திரும்பிப் பார்த்தான். தெரியாது என்றேன்.

“பரவாயில்லை, சிவகோத்திரம் எண்டு சொல்லும் தம்பி. நாள்?”

நாளும் தெரியாது, பங்கருக்குள் சாந்தாவும் நாளை எண்ணவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் நாள் தெரிந்தவர் குறைவு. எல்லோருக்கும் ஒரே நாளாகச் சொல்லிவிட்டார்.

நீல வாளி வந்தது. ஐயர் ஒவ்வொரு செம்பாக நிரப்பி வைத்தார்.

“ஐயா, இந்தத் தண்ணி…” என்று வாயெடுத்தேன்.

“கங்கை எண்டு நினைச்சு விட்டாக் கங்கைதானம்மா” என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

சுவரில் மாலை போட்ட கிணறு. கீழே என் பிள்ளை, தர்ப்பை சுற்றிய விரலால் எள்ளையும் தண்ணீரையும் தட்டில் விட்டுக்கொண்டிருந்தான். மந்திரத்தைத் தப்புத் தப்பாகச் சொன்னான்.  குலம் அண்ணை மூலையில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கிட்ட வந்து, “தங்கச்சி சபைக்குப் போறாவாமே பிள்ளை?” என்றார். ஓம் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். “போகட்டும்” என்றார். படத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் காலை சாந்தாவை அழைத்தேன்.

“செய்தாச்சோ அக்கா?”

“ஓம். கவின்தான் செய்தவன்.”

“என்ன தண்ணியில?”

“குழாய்த் தண்ணிதான். ஐயர் கங்கை எண்டு நினைக்கச் சொன்னவர். இவன் என்னத்தை நினைச்சானோ தெரியாது.”

 அந்தப் பக்கத்தில் யாரோ வாளியை நிலத்தில் வைப்பது கேட்டது. 

“அது காணும் அக்கா, அது போதும்” என்றாள். “பங்கருக்குள்ள இவர் விடியுமட்டும் தண்ணி தண்ணி எண்டுதான் கேட்டவர். எங்களிட்ட ஒரு சொட்டும் இருக்கேல்லை. என்ன தண்ணி எண்டு அவர் கேக்கேல்லை.”